சீனாவோடு பேசக் கொடுத்த விலை

1995 மார்ச்சில் ஜெனீவாவில் சீனா ஒரே ஒரு வாக்கில் தப்பியது. ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் அதைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 20 நாடுகள், எதிராக 21. 12 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. 1989 தியானன்மென் படுகொலைக்குப் பிறகு இப்படியான தீர்மானம் வரும்போதெல்லாம், விவாதத்துக்கே எடுக்க வேண்டாம் என்று ஒரு நடைமுறைத் தீர்மானத்தைப் போட்டு பெய்ஜிங் முளையிலேயே கிள்ளிவிடும். அந்த ஆண்டு அந்த உத்தி 22க்கு 22 என்று சமமாகித் தோற்றது.

அதன் பிறகு பெய்ஜிங் தந்த அழைப்பு எளிமையானது. சபையில் கண்டிக்காதீர்கள், தனியாக உட்கார்ந்து பேசலாம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு இத்தகைய ‘மனித உரிமை உரையாடல்’ 1995 ஜனவரியிலேயே தொடங்கியிருந்தது. தீர்மானத்தை விடாமல் கொண்டுவந்த கோபத்தில் 1996இல் சீனா அதை முறித்தது. 1997இல் பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலியும் ஸ்பெயினும் தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டன. டென்மார்க் முன்வந்து அதைக் கொண்டுவந்து தோற்றது, சீனாவின் மிரட்டலையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. அடுத்த மாதமே பிரெஞ்சு அதிபர் சிராக் பெய்ஜிங் போனபோது 30 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தமானது. ஆண்டு முடிவதற்குள் உரையாடல் மறுபடி தொடங்கிற்று. 1998இல் ஒன்றியம் ஒட்டுமொத்தமாகத் தீர்மானத்தைக் கைவிட்டது. ஆஸ்திரேலியா 1997இலேயே இதே வழியில் இறங்கியிருந்தது.

ஆக, உரையாடல் என்பது மேற்கு நாடுகள் சீனாவிடமிருந்து பெற்ற சலுகை அல்ல. அவர்கள் விலை கொடுத்து வாங்கியது. அந்த விலைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. சீனா 1997இல் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையிலும், 1998இல் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டது. முதலாவதை 2001இல் ஏற்புறுதி செய்தது. 2007இல் எல்லா மரண தண்டனைகளையும் மறுஆய்வு செய்யும் அதிகாரம் உச்ச மக்கள் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2011இல் 13 குற்றங்களும் 2015இல் 9 குற்றங்களும் மரண தண்டனைப் பட்டியலிலிருந்து நீங்கின. நீதிமன்றமே இல்லாமல் ஆட்களை அடைத்துவைத்த ‘உழைப்பு வழி மறுகல்வி’ முகாம் முறை 2013 இறுதியில் ஒழிக்கப்பட்டது. இவையெல்லாம் உரையாடல் மேசையில் பல ஆண்டுகள் கேட்கப்பட்டவை.

ஆனால் கேட்டதால் நடந்தவையா? 2005இல் ஹூபே மாகாணத்தில், மனைவியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு 11 ஆண்டுகள் சிறையில் கிடந்த ஒருவரின் மனைவி உயிரோடு ஊர் திரும்பினார். அந்தச் செய்தி சீனப் பத்திரிகைகளில் கிளப்பிய கொந்தளிப்பு மரண தண்டனைச் சீர்திருத்தத்துக்கு எவ்வளவு உதவியதோ, ஐரோப்பிய ராஜதந்திரிகளின் குறிப்புகள் அவ்வளவு உதவியிருக்குமா என்பது சந்தேகமே. உள்ளே இருக்கும் சீர்திருத்தவாதிக்கு வெளியுலக வாதங்கள் கைகொடுத்திருக்கலாம். அதற்கு மேல் பெருமைப்பட்டுக்கொள்ள உரையாடலுக்கு உரிமை இல்லை.

அதன் உண்மையான பலம் பெயர்களில் இருக்கிறது. இந்தக் கைதி எங்கே, இவர் உடல்நிலை எப்படி, விசாரணை எப்போது என்று பட்டியல் போட்டுக் கேட்பது. ஜான் காம் என்ற அமெரிக்க வணிகர், ஹாங்காங்கில் தொழில் செய்தவர், 1990இலிருந்து இந்த வேலையைத் தனி மனிதராகவே செய்து, பின்னர் அதற்கென்று ஓர் அமைப்பையும் தொடங்கினார். பட்டியலில் ஏறிய பெயருக்குத் தண்டனைக் குறைப்போ, குறைந்தபட்சம் சற்று நல்ல நடத்தையோ கிடைக்க வாய்ப்பு கூடுகிறது என்பது அவர் அனுபவம். வெளியே ஒருவன் இந்தக் கைதியைப் பற்றி விசாரிக்கிறான் என்று சிறை அதிகாரிக்குத் தெரிவதே ஒரு பாதுகாப்புதான்.

பெரிய பெயர்கள் எப்போது வெளியே வந்தன என்று பார்த்தால் வேறொன்று புரிகிறது. ஜனநாயகப் போராளி வெய் ஜிங்ஷெங் 1997 நவம்பரில் விடுதலையாகி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். தியானன்மென் மாணவர் தலைவர் வாங் டான் வெளியே வந்தது 1998 ஏப்ரலில், ஜெனீவாவில் தீர்மானம் கொண்டுவருவதில்லை என்று அமெரிக்கா முடிவெடுத்த அடுத்த மாதம். உய்குர் தலைவர் ரெபியா காதிர் 2005 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டும் தீர்மானம் இல்லை என்று வாஷிங்டன் அறிவித்தது அதே சமயத்தில்தான். வாக்கெடுப்பு என்ற ஆயுதம் கையில் இருந்ததால்தான் அதைக் கீழே வைப்பதற்கு ஈடாக ஏதாவது கேட்க முடிந்தது. தனியறைப் பேச்சுக்கு எடை தந்தது ஜெனீவா சபை. அதைக் கைவிட்டுவிட்டு அறைக்குள் மட்டும் பேசப்போனவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

விளைவு, கண்துடைப்பு. ஆண்டுக்கு இருமுறை நடந்த ஐரோப்பிய உரையாடல் ஒன்றாகச் சுருங்கியது. 2007இல் பெர்லினில் உரையாடலை ஒட்டி நடந்த சட்ட அறிஞர்கள் கருத்தரங்குக்கு இரண்டு தன்னார்வ அமைப்புகள் வந்திருந்ததற்காகவே சீனத் தரப்பு வெளிநடப்புச் செய்தது. ஆஸ்திரேலியாவுடனான கடைசிச் சுற்று 2014, அமெரிக்காவுடனானது 2015. ஐரோப்பாவுடன் 2019க்குப் பிறகு நான்கு ஆண்டுகள் இடைவெளி. 2023இல் மீண்டும் தொடங்கிய பேச்சில் அதே பெயர்கள்: ஆயுள் தண்டனை பெற்ற உய்குர் பொருளாதார அறிஞர் இல்ஹாம் தோஹ்தி, தாய்லாந்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட ஸ்வீடன் குடிமகனான புத்தக வணிகர் குய் மின்ஹாய். 1998இல் கையெழுத்தான குடிமை உரிமைகள் உடன்படிக்கையும் ஏற்புறுதிக்காக இன்னும் காத்திருக்கிறது.

ஜெனீவா சபையோ இன்று பலவீனமாகிவிட்டது. 2022 அக்டோபரில் சின்ஜியாங் பற்றிய ஐ.நா. அறிக்கையை விவாதிக்கலாமா என்ற கோரிக்கையே, பழைய ஆணையத்தின் இடத்தில் வந்த மனித உரிமைப் பேரவையில் 17க்கு 19 என்று தோற்றது. கண்டனமல்ல, வெறும் விவாதம். ஒதுங்கிக்கொண்ட 11 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்போது எல்லையில் சீனாவோடு மல்லுக்கு நின்ற நாடு ஏன் அங்கே வாய்திறக்கவில்லை என்பதற்கு டெல்லி தரும் விளக்கங்கள் எனக்குத் திருப்தி தரவில்லை.

சீனாவை அறைக்குள் கடுமையாகவும் வெளியே மென்மையாகவும் அணுகலாம் என்பவர்களின் வாதம் ஒன்றுண்டு: முகம் காக்க வழி விட்டால்தான் அதிகார வர்க்கம் இறங்கி வரும் என்பது. அது பொய்யில்லை. 2010இல் சிறையிலிருந்த எழுத்தாளர் லியு ஷியாவோபோவுக்கு நார்வேயின் குழு நோபல் அமைதிப் பரிசு கொடுத்ததற்காக நார்வே ஆறு ஆண்டுகள் சீனாவின் கோபத்தைச் சுமந்தது. லியுவோ 2017இல் காவலில் இருந்தபடியே இறந்தார். பகிரங்கம் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. அவர் மனைவி லியு ஷியா அடுத்த ஆண்டு பெர்லின் போய்ச் சேர்ந்ததில் ஜெர்மனியின் ஓசையற்ற முயற்சிக்குப் பங்குண்டு. ஆனால் அந்த முயற்சிக்குப் பின்னால் உலகமே அவர் பெயரை அறிந்திருந்தது.

உரையாடலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு கைதிக்கு ஒரு மருத்துவர் கிடைத்தாலும் அது நடக்கட்டும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வெளியிடும் அறிக்கையில் எழுப்பிய பெயர்கள் இருக்கின்றன; என்ன பதில் வந்தது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்ட பெயர், கேட்ட தேதி, கிடைத்த பதில் அல்லது மௌனம் — இந்தப் பட்டியலை ஆண்டுதோறும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அதைச் செய்ய சீனாவின் அனுமதி தேவையில்லை.