வான்கோழி போய்ச் சேர்ந்த வீடு

டிசம்பர் பிறந்ததும் எனக்குள் இரண்டு பட்டியல்கள் ஓட ஆரம்பித்துவிடும். பிடித்தவை: கிறிஸ்துமஸ் மரமென்று நட்டு வைக்கும் சவுக்குக் கிளை, மொட்டை மாடியில் கழி கட்டித் தொங்கவிடும் காகித நட்சத்திரம், நள்ளிரவில் தெருவையே எழுப்பிவிட்டுப் போகும் கேரல் கோஷ்டி. பிடிக்காதவை: சவுக்கின் மேல் பனியென்று ஒட்டும் பஞ்சு, கடை வாசலில் வியர்த்து வழிய நிற்கும் சான்டா, அப்புறம் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. முதல் இரண்டைச் சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்றாவதைச் சொன்னால்தான் "உனக்கெல்லாம் மனசே இல்லையாடா" என்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளியான சிறிய நூல் அது. ஸ்க்ரூஜ் என்றொரு கஞ்ச முதலாளி. அவரிடம் வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை பார்ப்பவர் பாப் கிராச்சிட். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவியும் அதைத் தொடர்ந்து மூன்று ஆவிகளும் வந்து ஸ்க்ரூஜை உலுக்கி எடுக்கின்றன. விடிந்ததும் ஆள் மாறிவிடுகிறார். சாப்பாட்டையும் குளிரையும் டிக்கன்ஸ் எழுதியிருப்பதைப் படித்தால் நமக்கே பசிக்கும், நடுங்கும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

என் குறை கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. திருந்திய ஸ்க்ரூஜ் ஜன்னலைத் திறந்து, தெருவில் போகும் பையனை ஏவி, கடையில் தொங்கும் பெரிய வான்கோழியை வாங்குகிறார். அது கிராச்சிட்டின் நோயாளிப் பிள்ளை டிம்மைவிட இரண்டு மடங்கு பெரியது. தூக்கிப் போக முடியாதென்று வண்டி வைத்து அனுப்புகிறார். யார் அனுப்பியது என்று அவர்களுக்குத் தெரியக்கூடாதாம். அந்தச் சந்தோஷத்தில் கண்ணீர் வரும்வரை சிரிக்கிறார். சரி, வான்கோழி போய்ச் சேர்ந்ததா? கதவைத் திறந்தது யார்? அந்தக் காட்சியே கதையில் இல்லை. முன்னொரு அத்தியாயத்தில், ஸ்க்ரூஜின் நலத்துக்காகக் குடிக்கலாம் என்று கணவர் சொல்லும்போது, "உனக்காகக் குடிக்கிறேன், அந்த ஆளுக்காக இல்லை" என்கிற மாதிரி கோபப்பட்டவர் திருமதி கிராச்சிட். அவர் வான்கோழியைப் பார்த்து என்ன சொன்னார்? தெரியாது. அந்தக் குடும்பத்தின் கதை அடுத்து மறுநாள் ஆபீஸில்தான் தொடர்கிறது. பாப் 18 நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வருகிறார், சம்பள உயர்வு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

டிக்கன்ஸுக்கு வாங்குகிறவர்களின் பக்கம் தெரியாததல்ல. 1824-இல் அவருடைய அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போனபோது, 12 வயதுப் பையனாக ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவர். அப்படிப்பட்டவரே கடைசியில் கொடுப்பவரின் ஜன்னலோரமே நின்றுவிட்டார் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இதை நான் இப்படி வாசிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஊர் பண்ருட்டி பக்கம் திருவதிகை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் பிளஸ் ஒன். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டு சிமெண்ட் ஷீட்டு பறந்துபோச்சு. கரண்ட் வர நாள் கணக்காச்சு. நாலைந்து நாள் கழித்து ஒரு வண்டி வந்தது. பிரெட், மெழுகுவர்த்தி, பழைய துணி. நல்ல மனுஷங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையைக் கொடுக்கும்போது கையை எடுக்காமல் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அம்மா முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் ஒருவர். வண்டி கிளம்பும்போது அவர்கள் முகத்திலிருந்த நிறைவை, பிறகு காலேஜில் ஸ்க்ரூஜைப் படித்தபோது சட்டென்று அடையாளம் கண்டுகொண்டேன்.

இந்த சீசனின் இன்னொரு புகழ்பெற்ற கதை ஓ ஹென்றி 1905-இல் எழுதியது. 'ஞானியரின் பரிசு' என்று தமிழில் சொல்லலாம். கையில் 1 டாலர் 87 சென்ட் வைத்திருக்கும் டெல்லா, தன் கூந்தலை 20 டாலருக்கு விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருகிறான். இதில் இரண்டு பேரும் வாங்குகிறார்கள், வாங்கும்போது அவர்கள் முகத்தையும் நாம் பார்க்கிறோம். அதனால் டிக்கன்ஸைவிட எனக்கு நெருக்கம். கடைசியில் ஆசிரியர் குறுக்கே வந்து "இவர்களே ஞானியர்" என்று சான்றிதழ் கொடுப்பது மட்டும் ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. விற்பதற்கு அவர்களிடம் கூந்தலும் கடிகாரமுமாவது இருந்தன. எதுவுமே இல்லாதவர்கள் எப்படி வாங்கிக்கொள்வது?

அதற்கு எங்கள் ஊரின் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. பெரியபுராணத்தில், தருமசேனர் என்ற பெயரோடு சமணர்களிடையே பெருமதிப்பில் இருந்த திருநாவுக்கரசர், சூலைநோய் தாங்காமல் அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். அங்கே வரமாட்டேன் என்கிறார் அக்கா. அதனால் தம்பியே ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு வருகிறார். சேக்கிழார் சமணர்களைச் சாடும் இடங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. ஆனால் பேரையும் பதவியையும் விட்டுவிட்டு அக்கா முன்னால் வந்து விழும் தம்பியை அவர் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார், தம்பி வாங்கிக்கொள்கிறார். வாங்குவதையும் ஒரு பெரிய காரியமாக எழுத முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த இடம்தான்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் குடும்பம் இருந்தது. லூத்தரன் சபைக்காரர்கள். ஒவ்வொரு டிசம்பர் 25-ஆம் தேதியும் எவர்சில்வர் சம்படத்தில் கல்கல்லும் முறுக்கும் மேலே நாலு கேக் துண்டும் அவர்கள் வீட்டிலிருந்து வரும். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். பொங்கலன்று அதே சம்படம் சர்க்கரைப் பொங்கலோடு போகும். 2011-லும் சம்படம் வந்தது. ஐந்தாம் நாள் புயல். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. அம்மா சம்படத்தைத் தேய்த்துப் பரண் மேல் வைத்துவிட்டு, டீச்சர் கண்ணில் படாமலே நடமாடிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் போனதும் டீச்சரே வந்தார். "ஏம்மா, என் சம்படத்தைக் குடு. அரைச்ச மாவைக் கொட்டி வைக்க ஏனமில்ல."

"வெறும் பாத்திரமா எப்படி டீச்சர்..."

"வெறுசாதான் வேணும். நீ ஏதாவது போட்டுக் குடுத்தா, மாவை நான் எங்க கொட்டுறது?"

வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் ஏனத்துக்கா பஞ்சம்? அது அம்மாவுக்கும் தெரியும்.

லூக்கா சொல்லும் பிறப்புக் கதையில், ராத்திரி மந்தைக்குக் காவலிருந்த மேய்ப்பர்கள் கையில் எதையும் கொண்டுவந்ததாக இல்லை. பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் மத்தேயு சொல்லும் கதையில் வருபவை. குடில் வைக்கும்போது நாம் இரண்டு கூட்டத்தையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறோம். அதனால் பரிசு கொண்டுவந்தவர்கள் முன்னால் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தவர்கள் பின்னால் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறவர்கள்.

இந்த டிசம்பரிலும் 'கேரல்' படிப்பேன். பிடிக்காத புத்தகத்தை வருஷா வருஷம் எதுக்குடா படிக்கிறே என்று கேட்காதீர்கள். வான்கோழி வண்டி கிளம்பும் இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டு, திருமதி கிராச்சிட் கதவைத் திறப்பதை யோசித்துக்கொண்டிருப்பேன். எங்கம்மா மாதிரி ஆளாக இருந்தால், முதலில் வண்டிக்காரனிடம் கேட்டிருப்பார்: இதை யார் குடுத்தனுப்புனது, இதுக்கு நான் எதைத் திருப்பிக் குடுக்கிறது?