திரையில் நம் மலையும் பார்ப்பவர் கண்ணும்

சத்யஜித் ராய் 1955-இல் அளித்த 'பதேர் பாஞ்சாலி' மறு ஆண்டே கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் எனப் போற்றப்பெற்றது. 1980-இல் மாநிலங்களவை உறுப்பினரான நடிகை நர்கிஸோ, ராய் நாட்டின் வறுமையை அயலாருக்கு ஏற்றுமதி செய்கிறார் எனக் கடிந்தார். அயலார் நம் ஏழ்மையை மட்டுமே விரும்புகின்றனர் என்பார்க்கு ஜப்பான் விடை தந்தது. இங்கே 1995-இல் வந்த 'முத்து' 1998-இல் டோக்கியோவில் திரையிடப்பெற்று மாதக்கணக்கில் ஓடிற்று. நம் அறிவாளர் முகஞ்சுளித்த அதே ஆட்டமும் பாட்டும்தான் அவர்களை மகிழ்வித்தன!

உள்நாட்டார், அயல்நாட்டார் என்ற இவ்விரு பார்வையாளரைப் பற்றியே எங்கும் பேச்சு. திரையில் எவருடைய வாழ்வு காட்டப்படுகிறதோ அவரை யார் கேட்டார்? நெல்லியாளத்தில் வாழும் நமக்கு இவ்வினா தொலைவானதன்று. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர்க்கென எழுந்த அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நம்மைச் சூழ்ந்துள்ளன. கங்காணி, முன்பணம், பிரட்டு, லயம் என்பன இம்மக்களுக்கு அகராதிச் சொற்களல்ல. பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்த வாழ்வு.

பாலா இயக்கிய 'பரதேசி' 2013-இல் வந்தது. பஞ்சம் பிழைக்கத் தேயிலை மலையேறி, கடனில் கட்டுண்டு, இறங்க வழியற்றுப் போனோர் கதை. நகரத்துத் திறனாய்வாளர் அதன் இருளை வியந்தனர். கொடுமை மிகை என்றோரும் உண்டு. நம் தோட்ட மக்களோ மிகையென்று ஒரு சொல்லும் கூறவில்லை. கணக்குத் தீர்க்கும் காட்சியையே திரும்பத் திரும்பப் பேசினர். ஆண்டு முழுதும் உழைத்தவன் கையில் ஒன்றும் மிஞ்சாத அக்காட்சியில், கங்காணியின் ஒவ்வொரு பிடித்தத்தையும் அவர்கள் தம் முன்னோர் கதையோடு ஒப்பிட்டனர். வேறெந்த அரங்கிலும் இத்தகைய திறனாய்வு கிடைத்திருக்குமோ? ஐயமே.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்ளைநோய் பரவிய தோட்டத்திற்கு வரும் கிறிஸ்தவ மருத்துவரை, சாகக் கிடப்போர் நடுவே ஆடிப்பாடி மதம் பரப்பும் கோமாளியாக்கிவிட்டார் இயக்குநர். இப்படத்திற்கு அடிப்படையான 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை 1969-இல் வெளியிட்ட பி. எச். டேனியல், ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றியவர்; தொழிலாளரைச் சங்கமாய் ஒன்றுதிரட்டியவர். அவர் எழுத்திலிருந்து பிறந்த படத்திலேயே மருத்துவர் நகைப்புக்குரியவரானது கலைக்கும் நேர்ந்த குறை, நன்றிக்கும் நேர்ந்த குறை. மதமாற்றத்தைக் குறைகூறும் உரிமை கலைஞனுக்கு இல்லை என்கிறோமா? இல்லை. கேலியை ஏவிவிட்டு, மருந்துக்கு ஏங்கியவனின் முகத்தை மறைத்ததையே குறை என்கிறோம்.

இக்காட்சியின் பொருட்டுப் படம் முழுவதையும் தள்ளிவிட்ட நம் அன்பர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. சினத்தில் அவர்கள் இழந்தது, இறுதியில் அங்கம்மாள் குழந்தையோடு அதே தோட்டத்திற்கு வந்து சேரும் காட்சியை. மனைவியைக் கண்டதும் கணவன் மகிழவில்லை, அலறுகிறான். அந்நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கியுள்ளார். படத்தைப் பழிப்போரும் புகழ்வோரும் முதலில் அதைப் படிக்கட்டும். நம் பங்கு நூலகங்களில் அதற்கு ஓரிடம் ஒதுக்கலாமே.