மூட்டுத் தேய்மானமும் மோட்டார் சைக்கிளும்

மல்லாங்கிணற்றில் நாற்பது வயதைத் தாண்டியவருக்கு முட்டி வலித்தால் "வண்டி ஓட்டியே தேய்ஞ்சு போச்சு" என்பார்கள். விருதுநகரோ காரியாபட்டியோ அருப்புக்கோட்டையோ, வேலைக்குப் போக வண்டியை விட்டால் வேறு வழியில்லாத ஊரில் இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தப் பழி நிற்குமா?

முட்டியைப் பொறுத்தவரை நிற்காது. குருத்தெலும்பு தேய்வதற்கு முக்கியமான காரணம் அதன்மேல் இறங்கும் சுமை. சீட்டில் உட்கார்ந்தவரின் எடையைத் தாங்குவது இடுப்பு. நெடுநேரம் மடங்கியே இருக்கும் முட்டி வலிக்கலாம். இறங்கிக் காலை நீட்டி நடந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். அது தேய்மானமல்ல. வயது, உடல் எடை, பழைய காயம், குத்தவைத்துச் செய்யும் வேலை, சுமை தூக்குதல் ஆகியவையே உறுதிப்பட்ட காரணங்கள். கரிசல் காட்டில் களையெடுத்தே காலம் கழித்த, ஹேண்டில்பாரைத் தொட்டே அறியாத பெண்களைப் பாருங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் முட்டித் தேய்மானம் அதிகம்.

கையின் கதை வேறு. மணிக்கட்டில் ஒரு குறுகிய குகைவழி உண்டு. ஒன்பது தசைநாண்களோடு நடுநரம்பும் அதற்குள்தான் போகிறது. ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்தபடி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. என்ஜின் அதிர்வும் சாலையின் குலுக்கலும் அதோடு சேர்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். நடு இரவில் எழுந்து கையை உதறத் தோன்றும். ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் பணிசெய்த போக்குவரத்துக் காவலர்களை ஆராய்ந்து 1997-இல் வெளியான கட்டுரை விரல் மரத்தலையும் தோள் இறுக்கத்தையும் பதிவு செய்தது.

இங்கே தீர்ப்பை முடிவு செய்வது நேரம். 2002-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு 2.5 மீ/வி² அளவைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. கைப்பிடியில் 6 அளவு அதிர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் அரை மணி நேரம் ஓட்டுபவருக்குக் கணக்கு 1.5-தான் வருகிறது. நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு 4.2. வண்டி ஒன்றே, சாலையும் ஒன்றே. ஒருவர் எல்லைக்கு வெகு கீழே, மற்றவர் அபாயத்தின் விளிம்பில். கிளட்ச் லிவர் இல்லாத டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இடது கைக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. ஆனால் அது வலது மணிக்கட்டின் சுமையைக் குறைப்பதில்லை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் இதே விரல்களை மரத்துப்போகச் செய்யும். பகலெல்லாம் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிய கை, மாலையில் ஆக்சிலேட்டரைப் பிடிக்கிறது. அப்படி உழைப்பவரின் வலியில் வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக வண்டிக்குப் பங்கே இல்லை என்றும் ஆகிவிடாது. ஓய்வெடுத்திருக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கை மறுபடி உழைக்கிறது.

முதுகுவலிக்கு வண்டியைவிடச் சாலையைத்தான் அதிகம் குற்றம் சொல்வேன். வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். அகலம் சுருங்கிய செங்குத்து மேடுகளில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக இடுப்புக்குத்தான் போகிறது.

ஆகவே, வேலைக்குப் போய்த் திரும்ப மட்டும் ஓட்டுபவர் வண்டியைப் பழிக்காமல் எடையையும் சர்க்கரையையும் பார்க்கட்டும். பால்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் ஊர் ஊராகச் சரக்கு போடுபவருக்கும் வருவது தொழில்நோய். சொந்தமாகத் தொழில் செய்யும் இவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, எனவே இவர்களுடைய கைவலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள், "தினம் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுறீங்க, ராத்திரி கை மரத்துப்போகுதா?" என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சுகாதாரத் துறை இதை விருதுநகர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம்.