புள்ளிராஜாவுக்கு இந்தி தெரியுமா?

புள்ளிராஜாவை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

2003-ல் திடீரென்று ஒருநாள் தமிழ்நாடு முழுக்க ஹோர்டிங்குகளில் ஒரே கேள்வி. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' யாரய்யா இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாத ஒரு வியாதியின் பெயரை, குடும்பத்தோடு பஸ்ஸில் போகிறவன் வாய்விட்டுப் படிக்கும்படி செய்தார்கள். விளம்பரம் என்ற அளவில் அது முதல் தரம். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. 1986-ல் சென்னையில்தான் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மண்டையோட்டுப் போஸ்டர்களை விட அந்த ஒற்றைக் கேள்வி கெட்டிக்காரத்தனமானது.

ஆனால், அது யாரிடம் பேசியது? தமிழ் படிக்கத் தெரிந்தவனிடம். கேள்விக்குப் பதில் அடுத்த வாரம் வரும் என்று காத்திருக்க, அடுத்த வாரமும் அதே ஊரில் இருக்கப்போகிறவனிடம். பாதிப் பேருக்குக் கேள்விதான் மனசில் நின்றது, பதில் நிற்கவில்லை. அப்புறம் அந்தப் பெயரே அடுத்தவனைக் கிண்டல் பண்ணும் பெயராகிப் போனது.

பழைய கதையை இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்கிறீர்களா? மதுரையில் இப்போது ஒட்டியிருக்கும் காசநோய் போஸ்டர்களை ஒரு சினிமா விமர்சகன் மாதிரி உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். சினிமாவுக்கு விமர்சனம் உண்டு, புத்தகத்துக்கு உண்டு, ஓட்டல் சாம்பாருக்குக்கூட உண்டு. நம் வரிப்பணத்தில் அச்சாகிற விழிப்புணர்வு போஸ்டருக்கு மட்டும் விமர்சகரே கிடையாது. ஏன், நாம எழுதக் கூடாதா?

'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள்.' நல்ல வாக்கியம். நேராக விஷயத்துக்கு வருகிறது, மிரட்டவில்லை. இதை எழுதியவருக்கு ஒரு சபாஷ். கஷ்டம் என்னவென்றால், கதை இடைவேளைக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பரிசோதனை செய்து நோய் என்று தெரிந்த பிறகு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். இந்த ஆறு மாதத்தில் அவனுக்கு என்னென்ன நடக்கும் என்று எந்தச் சுவரிலும் எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

என்ன நடக்கும்? கப்பலூர் பக்கம் ஒரு கட்டட வேலையில் ஒரு பீகார் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயசு இருக்கும். இருமல், ராத்திரிக் காய்ச்சல், எடை குறைவு. மேஸ்திரி நல்ல மனுஷர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் பையன் ஒதுங்கப் போனவன் வெளிறிப்போய்த் திரும்பினான். மூத்திரம் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகிறது. ரத்தம் என்று நினைத்துவிட்டான். நினைக்கமாட்டானா? நீங்களும் நானும்கூட அப்படித்தான் நினைப்போம்.

அது ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் என்ற மாத்திரையின் நிறம். மூத்திரம், வியர்வை, கண்ணீர் எல்லாமே ஆரஞ்சு நிறத்தில் வரலாம், ஒரு கெடுதலும் இல்லை. மருந்து கொடுக்கும்போது சொல்ல வேண்டிய முதல் தகவல் இது. சொன்னார்களா என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"சொல்லியிருப்பாகண்ணே. தமிழ்ல சொல்லியிருப்பாக. அவன் எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டுவான். நம்மளும் புரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிருவோம்."

பையன் மாத்திரையை நிறுத்திவிட்டான். பிறகு யாரோ செல்போனில் இந்தியில் எடுத்துச் சொல்லி மறுபடி ஆரம்பித்தான். ஒரு மாதத்தில் காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தீபாவளி முடிந்து சட் பூஜைக்கு ஊருக்கு ரயில் ஏறிவிட்டான். கையில் மாத்திரை இருந்ததா, தெரியாது. நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

பாதியில் விட்ட டி.பி. என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்பி வரலாம். அப்போது அதற்கு வேறு மருந்து, அதிக நாள், அதிக வேதனை. ஒரே ரூமில் பத்துப் பேர் படுத்துத் தூங்கினால் பத்துப் பேருக்கும் பயம்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டி.பி.க்கு வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் போதும், சானட்டோரியத்தில் படுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம்ம மெட்ராஸ்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி அது. ஒரு பிரிவினருக்கு சானட்டோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவினருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே மருந்து. 1959-ல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன். உலக நாடுகள் பலவும் வைத்திய முறையை மாற்றிக்கொண்டன. அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு நம்ம மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் ஒரு கிளை உண்டு.

ஆனால், அந்த ஆராய்ச்சியில் வீடு என்று ஒன்று இருந்தது. வீட்டுக் கதவைத் தட்ட நர்ஸ் போனார். சொல்லாமல் கொள்ளாமல் போய் மூத்திரத்தைச் சோதித்து, மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். தகர ஷெட்டில் இருக்கிறவனுக்குக் கதவு எது? இந்த மாதம் கப்பலூர், அடுத்த மாதம் வாடிப்பட்டி, அதற்கடுத்து கோயம்புத்தூர். நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டருக்குப் பாலம் கட்ட வந்து போனவர்களில் ஒருத்தர் விலாசம்கூட நமக்குத் தெரியாது. பாலத்தை மட்டும் 2023 முதல் ஜாலியாக உபயோகித்துக்கொண்டிருக்கிறோம்.

"இந்தியில் ஒரு போஸ்டர் அடித்தால் போச்சு" என்று ஒரு நண்பர் சொன்னார். போகாது சார். வடக்கேயிருந்து வந்தவர்கள் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற புத்தி இது. ஒடிசாக்காரருக்கு ஒடியா, வங்காளத்துக்காரருக்கு வங்காளி, பீகாரிலேயே ஒருவர் வீட்டில் போஜ்புரி, இன்னொருவர் வீட்டில் மைதிலி. அதிலும் பள்ளிக்கூடம் போகாதவருக்கு எந்த எழுத்தும் கோலம்தான். குரல் வேண்டும், அதுவும் அவர் ஊர்க்காரர் குரலாக இருந்தால் நல்லது. மதுரைக்கு இதெல்லாம் புதுசா என்ன? சௌராஷ்டிரம், தெலுங்கு, மார்வாரிகளின் பாஷை எல்லாம் ஒரே தெருவில் கேட்கிற ஊர் இது. கடைக்காரர் மூன்று பாஷையில் விலை சொல்வார். மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் மட்டும் ஒரே பாஷை.

நாமும் அந்தப் பக்கம் நின்றவர்கள்தான். மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணி பின்னால் போய், மண்டபம் முகாமில் தங்கி, இலங்கைத் தோட்டங்களில் லயத்தில் குடியேறியவர்கள் நம் பாட்டன், பூட்டன்கள். 1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே கொக்கிப்புழு ஒழிப்பு ஆரம்பித்தது. இந்தப் புழு வெறுங்காலில் ஏறி, குடலில் தங்கி, ரத்தத்தைக் குடித்து ஆளைச் சோகையாக்கும். மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. சில மாதத்தில் மறுபடி ஏறியது. ஏன்? லயத்தில் கக்கூஸ் இல்லை. ஆள் எங்கே போவான்? தேயிலைக்குள்தான். கக்கூஸ் கட்டச் சொன்னால் துரைமார்கள் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். ஆனால் அசுத்தம், அறியாமை என்ற பட்டம் மட்டும் கூலிக்காரன் தலையில் வந்து உட்கார்ந்தது.

இதே வசனம் 2020-ல் திரும்பவும் ஓடியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். போன் பண்ணும்போதெல்லாம் இருமலோடு ஒரு குரல். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தள்ளி நில்லுங்கள். முப்பது பேருக்கு ஒரு குழாய் இருக்கிற ஷெட்டில் அந்தக் குரலைக் கேட்டவன் என்ன நினைத்திருப்பான்? புரியவில்லை என்றா? நன்றாகவே புரிந்திருக்கும். தள்ளி நிற்க இடம் எங்கே என்பதுதான் அவன் கேள்வி.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வவுச்சர் எங்கே என்றுதான் புத்தி போகும். விழிப்புணர்வு என்ற கணக்கில் செலவுப் பக்கம் கச்சிதமாக இருக்கும். இத்தனை ஃபிளெக்ஸ், இத்தனை நோட்டீஸ், ஒரு பேரணி, குழந்தைகளுக்கு வெயிலில் நின்றதற்கு பிஸ்கட் பாக்கெட். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது? எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதற்கு ரசீது கிடையாது. அதனால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதே இல்லை. எந்த ஆடிட்டரும் 'நோட்டீஸ் வாங்கினவன் அதைப் படித்தானா?' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் அறிவித்தார்கள். நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் அதே வருஷம் வந்தது, 2024 நவம்பரில் அது 1000 ஆனது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால், அப்படி ஒரு பணம் தன் பேங்க் கணக்குக்கு வரும் என்பதே அந்தக் கப்பலூர் பையனுக்குத் தெரியாது.

மேலும் ஒரு கணக்கு. இலவசம் என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் ஓடி வருவார்கள் என்று நினைக்கிறோம் இல்லையா? மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. ஊர் ஊராக இலவச முகாம். ஆனாலும் 1990-களில் கிராமங்களில் போய் ஆராய்ந்தபோது, கண்ணில் கோளாறு உள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பயம், செலவு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இலவச வைத்தியத்தில் என்ன செலவு? பஸ் டிக்கெட், கூட வருகிறவர் கூலி, சாப்பாடு. அரவிந்த்காரர்களின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்து, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 'கண்ணே கண்மணியே' என்று போஸ்டர் அடித்துக்கொண்டு மட்டும் உட்காரவில்லை.

கேரளாவில் வேறு மாதிரி முயன்றார்கள். 2017-ல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வகுப்பு, 'ஹமாரி மலையாளம்' என்று பாடப் புத்தகம். சங்ஙாதி என்றால் தோழன். அதே வருஷம் 'ஆவாஸ்' என்று ஒரு இன்ஷூரன்ஸ். எனக்கு அந்தப் புத்தக யோசனையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் செங்கல் சுமந்தவன்தான் ராத்திரி உட்கார்ந்து நம் பாஷையையும் படிக்க வேண்டுமா? கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர் ஒடியாவில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் குறைந்தா போவார்? ஆனாலும் அவனை ஒரு மாணவனாக மதித்து உட்காரவைத்தார்களே, அதற்கு ஒரு வணக்கம்.

இது வடக்கேயிருந்து வருகிறவர் பிரச்னை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முறுக்குப் போடவும் மிட்டாய் விற்கவும் வடக்கே போன நம்ம பிள்ளைகள், அங்கே இருமிக்கொண்டு புரியாத எழுத்துக்குக் கீழேதான் வரிசையில் நிற்கிறார்கள். தலையையும் ஆட்டுவார்கள்.

எனக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. மாத்திரை கவரோடு மூன்று விஷயம் போக வேண்டும். மூத்திரம் சிவக்கும், பயப்படாதே. காய்ச்சல் விட்டாலும் ஆறு மாதம் நிறுத்தாதே. ஊருக்குப் போகிறாயா, ரயில் ஏறும் முன் சொல், உன் பெயரை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தருகிறோம், அங்கேயும் மருந்து இலவசம். இந்த மூன்றாவது வசதி நிஜமாகவே இருக்கிறது. நாடு முழுக்க ஒரே கம்ப்யூட்டர் பதிவு, 'நிக்‌ஷய்' என்று பெயர், நோயாளிக்கு ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் இருந்தால் தர்பங்காவிலும் மாத்திரை வாங்கலாம். இதை அந்தந்த பாஷையில் அதே ஷெட்டில் இருக்கிற விவரமான ஒருத்தரைப் பேசச் சொல்லி, செல்போனில் ரெக்கார்டு பண்ணினால் ஒரு நிமிஷ வேலை. கேட்டு முடித்ததும், "என்ன சொன்னேன், நீ திருப்பிச் சொல்லு தம்பி" என்று ஒரு கேள்வி. தலையாட்டலை நம்பாமல் இருக்க டாக்டர்கள் கண்டுபிடித்த உத்தி இது, பைசா செலவில்லை.

நீங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கலாம், ஓட்டல் நடத்தலாம், அபார்ட்மென்ட் வாசலில் அஸ்ஸாமிலிருந்து வந்த வாட்ச்மேன் இருக்கலாம். அவர் ரெண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். காசநோய்க்கான இலவச நம்பர் 1800-11-6666. இந்தியிலும் பேசுவார்கள். போனைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் வேலையைப் பற்றிக் கேட்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.