கொடும்பைக் கவர்வழி: ஓடிடி காலத்தில் தற்செயல் தேர்வும் கூட்டுத் திரைவாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நண்பர்கள் சிலர் கூடி, முன்திட்டமின்றி எடுத்த ஒரு திரைப்படத்தை ஓடிடி தளத்தில் பார்த்து உரையாடும் வழக்கம் வெறும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. அது திறனாய்வுப் பயிற்சியாகும் தகுதி உடையது. எனினும் படத்தைத் தற்செயலாக எடுப்பதால் மட்டும் அத்தகுதி வந்துவிடுவதில்லை. எடுக்கப்படும் தொகுதியை யார் அமைக்கிறார் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. சிலப்பதிகாரத்துக் கொடும்பைக் கவர்வழி, உத்தரமேரூர்க் குடவோலை, ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் ஆகியவற்றின் துணையோடு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொடும்பாளூர், ஓடிடி, தற்செயல் தேர்வு, குடவோலை, கூட்டுத் திரைவாசிப்பு, திரைப்படச் சங்கம்.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் இருக்குவேளிரின் தலைநகராக விளங்கியது. இன்று மூவர் கோயிலால் அறியப்படுகிறது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் வரும் கொடும்பை இவ்வூரே என்பர் ஆய்வாளர். மதுரைக்குச் செல்லும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் ஆகியோருக்கு மாங்காட்டு மறையோன் வழி கூறுகிறான். கொடும்பை நெடுங்குளத்தைக் கடந்தபின் வழி மூன்றாகப் பிரியும் என்பது அவன் தரும் செய்தி. மூவழிகளின் இயல்பையும் விளக்கும் அவன், திருமால் குன்றத்தின் வழியாகச் செல்லும் இடப்பக்க வழியை மிகுதியாகப் புகழ்கிறான். அங்குள்ள மூன்று பொய்கைகளில் ஒன்று ஐந்திர நூலறிவைத் தரும். ஒன்று பழம்பிறப்பை உணர்த்தும். இட்டசித்தி என்னும் மூன்றாவது நினைத்ததை நினைத்தவாறே அளிக்கும். கவுந்தியடிகள் இவற்றை வேண்டா என மறுக்கிறார்.

வழிகள் பல இருக்க, ஒன்றைப் பரிந்துரைக்கும் குரலும் அதை ஏற்காத குரலும் எதிர்ப்படும் இடம் இது. இன்று ஓடிடி தளத்தின் முகப்பில் நிற்கும் பார்வையாளரின் நிலையை ஆராய இக்கவர்வழி பொருத்தமான தொடக்கமாகும்.

தேர்வு பார்வையாளரிடம் இல்லாத காலம்

தமிழ்த் திரைப் பார்வையின் வரலாற்றில் நெடுங்காலம் தேர்வு பார்வையாளரிடம் இருந்ததில்லை. சிற்றூரின் டென்ட் கொட்டகைக்கு எந்தப் படப்பெட்டி வந்ததோ அதையே ஊர் பார்த்தது. 1980களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்தோறும் இந்தியப் பிறமொழிப் படங்களைத் துணையுரையுடன் ஒளிபரப்பியபோது, வங்காள, மலையாள, அசாமியப் படங்கள் அவற்றைத் தேடாத தமிழ் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. தெரிவு செய்யாத ஒன்றை எதிர்கொள்ளும் அனுபவம் இவ்விரு சூழலிலும் இயல்பாகவே கிடைத்தது.

திரையரங்கு தந்த மற்றொன்றைக் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகளம் திரையரங்கே என்பதும், அங்கு இருக்கையை வகுத்தது சாதிப்படிநிலையன்று, கட்டணம் செலுத்தும் ஆற்றலே என்பதும் அவருடைய கருத்து. ஓடிடி தளம் இவ்விரண்டையும் மாற்றியமைத்துள்ளது. தேர்வு தனி ஒருவருடையதாயிற்று. கூரை கைப்பேசியின் அளவிற்குச் சுருங்கிற்று. நண்பர்கள் கூடிப் பார்ப்பதும், குலுக்கலில் வந்த படத்தைப் பார்ப்பதும் இழந்த இவ்விரண்டையும் மீட்க முயலும் செயல்களாகும்.

இட்டசித்தியும் பரிந்துரை நிரலும்

ஓடிடி தளங்களின் பரிந்துரை நிரல், பார்வையாளர் முன்பு பார்த்தவற்றைக் கொண்டு அடுத்து விரும்பக்கூடியதைக் கணிக்கிறது. காப்பியத்தின் மொழியில் கூறினால், இது பழம்பிறப்பை உணர்த்தும் பொய்கையையும் நினைத்ததைத் தரும் பொய்கையையும் ஒன்றாக்கிய அமைப்பு. முன்பார்வையே பின்விருப்பத்தை வகுக்கிறது. இதில் புதியது நுழைவதற்கு வாயில் குறுகியது.

இக்குறையைத் தளங்களும் உணர்ந்திருந்தன. நெட்பிளிக்ஸ் 2021இல் ‘பிளே சம்திங்’ என்னும் பொத்தானை அறிமுகப்படுத்தி, 2023இல் கைவிட்டது. தேர்ந்தெடுக்கும் சுமையிலிருந்து பார்வையாளரை விடுவிப்பதாக அது அமைந்தது. ஆயினும் அப்பொத்தான் தந்தது தற்செயல் அன்று. பார்வையாளரின் பழைய சுவையைக் கணக்கிட்டு எடுத்த ஒன்றே தற்செயலின் தோற்றத்தில் வந்தது. நண்பர்கள் ஐவர் கூடி ஒருவரது கணக்கின்வழி ‘ஏதேனும் ஒன்றை’ எடுக்கும்போதும் இதுவே நிகழும். அவர்கள் பார்ப்பது கணக்குக்கு உரியவரின் நிழலை.

உண்மையான தற்செயல் பார்வைக்குப் பிரான்சில் ஒரு முன்னோடி நிகழ்வு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் நாந்த் நகரில் ஆந்திரே பிரெத்தோனும் அவர் நண்பர் ழாக் வாஷேயும் என்ன படம் ஓடுகிறது என்று பாராமலே திரையரங்குகளுக்குள் நுழைந்தனர். சலிப்புத் தோன்றியவுடன் வெளியேறி அடுத்த அரங்கிற்குச் சென்றனர். பின்னாளில் பிரெத்தோனே இதனைப் பதிவு செய்துள்ளார். தொடர்பற்ற காட்சிகளின் மோதலில் பிறக்கும் கிளர்ச்சியே அவர்கள் நாடியது. படைப்பாளிக்கு இது பயன்படலாம். திறனாய்வாளருக்கு இதில் ஒரு தடை உண்டு. முழுமையாகப் பாராத படத்தைப் பற்றி உரையாட இயலாது. சலிப்பையும் தாங்கி இறுதிவரை அமர்தல் கூட்டுத் திரைவாசிப்பின் முதல் ஒழுங்காகிறது.

குடம் யாருடையது?

தற்செயல் தேர்வைப் பொதுநன்மைக்குரிய முறையாகக் கையாண்ட சான்று தமிழகத்திலேயே உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். செல்வாக்கும் உறவும் தேர்வில் புகாமல் தடுப்பது இம்முறையின் நோக்கம்.

இம்முறையின் மறுபக்கமும் அக்கல்வெட்டுகளிலேயே உள்ளது. நிலம், சொந்த மனை, வயது, வேதக் கல்வி முதலிய வரையறைகளைக் கடந்த பிராமண ஆடவர் பெயர்களே குடத்திற்குள் இடம்பெற்றன. எடுப்பவன் கை நடுநிலையானது, குடம் அவ்வாறானதன்று. எனினும் தகுதியும் தகுதியின்மையும் கல்லில் பொறிக்கப்பட்டதால், குடத்திற்குள் வராதவர் யாவர் என்பதை இன்றும் அறிய முடிகிறது. ஓடிடி தளத்தின் குடத்திற்கு இத்தகைய கல்வெட்டு இல்லை. எந்தப் படத்தின் உரிமம் ஏன் பெறப்பட்டது, எது எப்போது நீக்கப்பட்டது என்பவை பார்வையாளருக்கு அறிவிக்கப்படுவதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931), நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ ஆகியவற்றின் படச்சுருள்கள் அழிந்தன. எத்தனை முறை குலுக்கினாலும் அவை கைக்கு வரப்போவதில்லை. ஆகவே தற்செயல் என்பது எஞ்சியவற்றுள், அவற்றிலும் விலை போனவற்றுள் நிகழும் தற்செயலே.

இதற்கு மாற்றாகத் திரைப்படச் சங்கங்கள் தம் குடத்தைத் தாமே நிரப்பின. 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தாவில் தொடங்கிய சங்கமும், 1965இல் திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் தொடங்கிய சித்ரலேகாவும், திருநெல்வேலியின் காஞ்சனை திரைப்பட இயக்கமும் படத்திற்குப் பிந்திய உரையாடலைப் படத்திற்கு இணையாகக் கருதின. ஆனால் அவற்றின் குடத்தில் பெரிதும் செவ்வியல் தகுதி பெற்ற படங்களே இருந்தன. நடுத்தரமான, மறக்கப்பட்ட, வணிகத்தில் தோற்ற படங்களுக்கு அங்கு இடம் அரிது. தமிழ்த் திரை ஆய்வுகளும் நட்சத்திரம், கட்சி அரசியல், விருது ஆகியவற்றின்வழிப் புகழ்பெற்ற படங்களையே மீண்டும் மீண்டும் சான்றாக்குகின்றன. நண்பர் குழுவின் குலுக்கல் இவ்வெல்லையைத் தாண்ட வாய்ப்பளிக்கிறது. ஆய்வாளர்க்கு அதன் சிறப்புப் பயன் இதுவே.

கொடும்பாளூரிலிருந்து ஒரு வாசிப்பு

தற்செயலாக வந்த படத்தை உரையாடல் எவ்வாறு திறக்கிறது என்பதற்கு ‘பொன்னியின் செல்வன்’ ஏற்ற எடுத்துக்காட்டாகும். கல்கியின் புதினம் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பாகங்களாக 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த படம் பின்னர் அமேசான் பிரைம் தளத்தில் இடம்பெற்றது. கொடும்பாளூர் பெரிய வேளாராகப் பிரபுவும், வானதியாகச் சோபிதா துலிபாலாவும் நடித்தனர்.

திரையரங்கில் இப்படம் சோழப் பெருமிதத்தின் விழாவாகப் பார்க்கப்பட்டது. கொடும்பாளூரை அறிந்த ஒருவர் உள்ள சிறுகுழுவில் அதே படம் வேறு வினாக்களை எழுப்பும். படத்தில் கொடும்பாளூர் பெரும்பாலும் பாத்திரங்களின் அடைமொழியாகவே நிற்கிறது. வேளிர் சோழருக்குத் துணைநிற்கும் வாளாகவே வருகின்றனர். மூவர் கோயிலின் வடமொழிக் கல்வெட்டோ வேளிரின் சொந்தக் குலவரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துரைக்கிறது. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்களை எடுத்ததையும், காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடம் அளித்ததையும் அது குறிக்கிறது. பேரரசின் கதையில் துணைப்பாத்திரமானவர் தம் ஊர்க் கல்லில் தலைமைப் பாத்திரமாக நிற்கின்றனர். மூன்று விமானங்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

இவ்வேறுபாட்டைப் படத்தின் குறையென்று கூறுதல் பொருந்தாது. புனைவு வரலாற்றுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. யாருடைய பார்வையிலிருந்து கதை சொல்லப்படுகிறது என்னும் வினா, மதிப்பெண் தரும் விமர்சனத்தில் எழாமல், வெவ்வேறு அறிவுடைய நண்பர்களின் உரையாடலில் எழுகிறது என்பதே கருதத்தக்கது. ஒருவர் புதினத்தை அறிந்தவர். ஒருவர் கல்வெட்டை அறிந்தவர். ஒருவர் இரண்டையும் அறியாமல் படத்தை மட்டும் பார்த்தவர். மூன்றாமவரின் ஐயமே பலநேரங்களில் முதலிருவரின் அறிவை இயக்குகிறது. பரிந்துரை நிரல் ஒத்த சுவையினரை ஒன்றுசேர்க்கிறது. நட்போ ஒவ்வாத சுவையினரையும் ஓரிடத்தில் இருத்துகிறது.

முடிவுரை

ஓடிடி காலத்தில் தற்செயல் தேர்வு தானாகவே விடுதலை தருவதில்லை. தளத்தின் பொத்தானை அழுத்துவது தளத்தின் கணிப்பிற்கு உடன்படுவதாகும். குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் படப்பெயர்களைச் சீட்டில் எழுதியிட்டுக் குலுக்குதல், எடுத்த படத்தை இறுதிவரை பார்த்தல், பிறர் மதிப்பீடுகளைப் படிக்குமுன் பேசுதல், அப்படத்தைப் பற்றி ஏதும் அறியாதவரை முதலில் பேசச் செய்தல், எந்தப் படங்கள் குடத்திற்குள் வரவே இயலவில்லை என்பதைக் குறித்துவைத்தல் ஆகிய ஒழுங்குகள் அமைந்தால், இவ்வழக்கம் வகுப்பறைக்கும் ஆய்வரங்கிற்கும் உரிய முறையாக வளரும். சான்றுப் படங்களைத் தெரிவு செய்யும் பழக்கத்தையே மறுபரிசீலனை செய்ய அது ஆய்வாளரைத் தூண்டும்.

கவுந்தியடிகள் இட்டசித்தியை மறுத்தபின் அவர்கள் சென்ற வழி இடர் அற்றதாக இல்லை. கோவலனை மயக்கக் கானுறை தெய்வம் வசந்தமாலையின் வடிவில் வந்தது. விரும்பியதையே அளிக்கும் வழியை விட்டு விலகும் பார்வையாளர்க்கும் சலிப்பு, ஏமாற்றம், கருத்து மோதல் ஆகியவை நேரும். நண்பர்கள் உடனிருப்பதன் தேவை அங்கேதான் உள்ளது.