வரலாற்றுத் துறையின் மேடை

பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் நடத்தும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லை. நூலுக்கு உண்டு, நாடகத்துக்கு உண்டு. அறிஞர் ஒருவர் ஒரு மணி நேரம் நின்று பேசியதற்கோ, மறுநாள் நாளேட்டில் நான்கு வரிச் செய்தியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்நான்கு வரியிலும் பேசியவரைக் காட்டிலும் தலைமை தாங்கியவரே பெரிதாய்த் தெரிவார். எனினும், தமிழகத்தின் வரலாறு எழுதப்பெற்றதில் இம்மேடைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆதலின் அவற்றையும் ஒரு நூலை எடைபோடுவது போல் எடைபோடுவது தகும் எனக் கருதுகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கு இந்திய வரலாற்றுத் துறை 1914-ல் தொடங்கிற்று. முதற் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். 1929-ல் அவருக்குப் பின் வந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. சர் வில்லியம் மேயர் பெயரால் அமைந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பல நூலாக வெளிவந்துள்ளன. வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் தென்னிந்தியத் தொல்பழங்காலத்தைப் பற்றி ஆற்றிய பொழிவு 1951-ல் நூலாயிற்று. பேசியதை அச்சேற்றிப் பொதுச் சொத்தாக்கிய அந்த ஒழுங்கை நாம் மனமாரப் போற்றுகிறோம். இன்று பல இடங்களில் பொழிவு முடிகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, தேநீர் வருகிறது. பேச்சு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

ஆனால் அந்தப் பொற்காலத்திலும் ஒரு கோணல் இருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் நூல் வரிசைகளை நோக்குக. சாஸ்திரியாரின் ‘சோழர்கள்’ வரலாற்று வரிசையில் வந்தது. மெகஸ்தனிஸ் முதல் மா ஹுவான் வரை அயலார் தென்னிந்தியாவைப் பற்றி எழுதியவற்றை அவர் தொகுத்து 1939-ல் வெளியிட்ட நூலும் அதே வரிசையே. அரபு, பாரசீக, உருதுத் துறையின் தலைவராயிருந்த முகம்மது ஹுசைன் நயினார், கர்நாடக நவாபுகளின் வரலாறாகிய ‘துஸுக்கே வாலாஜாஹி’யை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் முதற்பகுதி 1934-ல் வெளிவந்தது. 1942-ல் அரபுப் புவியியலாரின் தென்னிந்திய அறிவைப் பற்றி விரிவான நூலொன்று தந்தார். இவை சென்ற இடமோ ‘இஸ்லாமிய வரிசை’. நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-ல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை, பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்திற்கு அண்டை வீடு. அண்டை வீட்டுக்காரரின் கதை வரலாறாகாமல் இஸ்லாமியமானது எங்ஙனம்? இப்னு பதூதா சாஸ்திரியாரின் தொகுப்பில் இருக்கும்போது வரலாற்றுச் சான்று; அவர் எழுதிய மொழியை அறிந்தவரோ வேறு அலமாரி.

அந்த வரிசை இல்லாதிருந்தால் நயினாரின் உழைப்பு அச்சேறியே இராது என்பாருண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. விளைவையே சுட்டுகிறோம். சோழரைப் படிக்கும் மாணவன் அந்த அலமாரியைத் திறக்க வேண்டிய தேவையின்றியே தேர்வெழுதிவிடலாம். அதற்கு முன்னரே, ஐயங்காரவர்கள் 1921-ல் வெளியிட்ட நூல், தென்னிந்தியாவும் அதன் முகம்மதியப் படையெடுப்பாளரும் என்று பொருள்படும் தலைப்பைத் தாங்கியிருந்தது. உழைப்பு மிக்க நூல் அது, ஐயமில்லை. ஆயினும் தலைப்பே ஒரு வாசல். அவ்வாசல் வழியே நுழைபவன் முஸ்லிமை முதலில் குதிரைமேல் வாளோடுதான் காண்கிறான். மாலிக் காபூர் 1311-ல் மதுரைக்கு வருமுன்பே, அக்குதிரைகளைக் காயல் துறையில் இறக்கி விற்ற வணிகர் இங்கிருந்தனர். பாண்டிய அரசில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராய் விளங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவள்ளூர் இரயில் நிலையத்தை ஒட்டியது மணவாள நகர். 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னகத்தின் முதல் இரயில் இவ்வழியேதான் சென்றது. இன்று இப்பகுதியினர் பலர் தொழிற்சாலைகளில் முறை மாற்றி வேலை செய்பவர்கள். காலை பதினொரு மணிக்குச் சென்னையில் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்துக்கு ‘அனைவரும் வருக’ என்று அழைப்பு அச்சிட்டால், அந்த ‘அனைவரில்’ இவர்கள் இல்லை என்பது அச்சிட்டவருக்கே தெரியும். இவ்வூரிலிருந்து சிறிது தொலைவில் பூண்டி, அதனருகே அத்திரம்பாக்கம். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்ட இடம். அங்கு இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று சாந்தி பப்பு குழுவினர் 2018-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். உலகு வியந்த செய்தியைப் பேருந்தில் போய்வரும் தொலைவில் வாழ்பவருக்குத் தமிழில் எடுத்துரைக்க ஒரு மேடை வேண்டாமா?

இதே மாவட்டத்தின் கடலோரத்தில் பழவேற்காடு இருக்கிறது. ஒல்லாந்தர் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையை அங்கே கட்டினர். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். அதற்கெல்லாம் முன்பே மலாக்காவுக்குத் துணி ஏற்றிச் சென்ற முஸ்லிம் வணிகர் அத்துறைமுகத்தில் இருந்தனர். யாழ்ப்பாணத்துப் புதல்வர் எஸ். அரசரத்தினம் 1986-ல் வெளியிட்ட சோழமண்டலக் கரை வாணிக நூல் ஒல்லாந்தரின் ஏடுகளைத் துருவி எழுதப்பட்டது. ஆயினும் பழவேற்காடு என்றதும் நமக்குக் காட்டப்படுவது ஒல்லாந்தர் கல்லறைகளே. அவற்றின் செதுக்கு வேலை அழகியதுதான். அருகிலுள்ள பள்ளிவாசல்களையும் அங்குள்ள மரைக்காயர், லெப்பைக் குடும்பங்களின் நினைவையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் பற்றி எத்தனை பொழிவு கேட்டிருக்கிறோம்?

கேள்வி நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நாம் அமர்ந்திருந்த கூட்டங்கள் பலவற்றில் அறிமுக உரை அரை மணியை விழுங்கிவிடும். வினாவுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சினால் பாக்கியம். வரலாற்றுப் பொழிவின் பயனில் பாதி அந்த வினாவில்தான் இருக்கிறது. பழவேற்காட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, தம் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ்க் கணக்குப் புத்தகம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல அங்கே இடமிருக்க வேண்டும். வரலாற்றுத் துறையார் ஆண்டுக்கு ஒரு பொழிவையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தமிழில், திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ வைக்கட்டும். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவை ஊர் ஜமாஅத்துகளும் வாசகசாலைகளும் ஏற்க முன்வரலாம். பேச்சை அச்சிடும் பொறுப்பு மட்டும் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கட்டும். அதுவும் வரலாற்று வரிசையிலேயே.