நெளிவின் நயம்

அகார் தட்டில் ஒரு மில்லிமீட்டர்ப் புழு ஊர்ந்து போகிறது. பளிங்குபோல் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் மெல்லிய மேனி. அது போன வழியைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பாக்டீரியாப் படலத்தின்மேல், தேர்ந்த கை கம்பி பிசகாமல் இழுத்த சிக்குக்கோலம்போல் வளைவுக்குப் பின் வளைவு. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற இதன் பெயரின் கடைசிச் சொல்லுக்கே 'நேர்த்தியானது' என்றுதான் பொருள்.

அந்த ஒற்றை வளைவில் கொஞ்சம் நின்று போவோம். ஒரு பக்கத் தசை இறுகும்போது எதிர்ப்பக்கம் இதமாக நெகிழ்ந்து இடம் விடுகிறது. இறுகச் சொல்வது நரம்புகளின் தூதாக வரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். நெகிழச் சொல்வது காபா என்ற இன்னொரு தூது. இருபால் புழுவுக்கு வாய்த்தவை 302 நரம்பணுக்கள்தாம். அத்தனை சிக்கனத்தில் இத்தனை ஒயில்!

காபாவை ஆக்கும் நொதிக்கு உரிய மரபணு அன்க்-25. ஒழுங்காக நகர வராத புழுக்களுக்கு சிட்னி பிரென்னர் 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சூட்டிய வரிசைப் பெயர் அது. இந்த மரபணுவில் பிழை நேர்ந்த புழு ஊரும்போது, அலையின் வீச்சு சற்றே ஒடுங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமைமயிரால் அதன் தலையை வருடிப் பாருங்கள். மற்ற புழு என்றால் வழுக்கிக்கொண்டு பின்வாங்கும். இதற்கோ இரு பக்கத் தசைகளும் ஒருசேர இறுக, உடலே குட்டையாகிப் போகிறது. 'சுருங்கி' என்கிறார்கள் ஆய்வாளர்கள். நெகிழ்வு எவ்வளவு பெரிய கலை என்பதைத் தொட்டாற்சுருங்கியாய் நின்று காட்டுகிறது அந்தச் சின்ன உயிர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அசிட்டைல்கோலின் தன் வேலை முடித்ததும் அதைச் சிதைத்து அகற்றும் நொதிகளுக்கு ஏஸ்-1, ஏஸ்-2, ஏஸ்-3 என மூன்று முக்கிய மரபணுக்கள். முதலிரண்டில் ஏதேனும் ஒன்று பழுதானாலும் புழுவின் நடையில் குறை தெரியாது. மற்றது அத்தனை பரிவோடு தோள்கொடுக்கிறது. இரண்டும் பழுதானால் நடை குலைகிறது. மூன்றுமே போனால் புழு பிழைப்பதில்லை.

நேற்றைய கோலத்தைக் கூட்டிப் பெருக்கினால்தானே வாசலில் இன்றைய கோலம் எழும்? அந்தத் துடைப்பத்தின் வேலையைத்தான் நொடிக்கு நொடி செய்கின்றன இந்த நொதிகள். மறுபடியும் தட்டைப் பாருங்கள்: பழையது துடைக்கப்பட்ட உடலில், அடுத்த வளைவு தலையருகே மெல்ல அரும்புகிறது.